ஒரே பெட்டியில் வந்த எடைக்கற்கள்

தம்பி: ஒண்ணும் தெரியலைக்கா. இருட்டா இருக்கு.

அக்கா: ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தா எப்படித் தெரியும்? ரெண்டையும் திற. மைக்ரோஸ்கோப்புல ரெண்டு குழல் எதுக்கு வச்சிருக்காங்க?

தம்பி: ஒண்ணு ரிப்பேரானா இன்னொண்ணுல பார்க்க.

அக்கா: வாயைக் குறை. இந்தத் திருகை மெதுவாத் திருப்பு... மெதுவாடா, உன் தராசு இல்லை அது. இப்ப?

தம்பி: ம்... ஆ, தெரியுது. வட்ட வட்டமா. உள்ளே சிவப்பாப் புள்ளி. மழை நேரத்துல பஸ் கண்ணாடி வழியா முன்னாடி போற வண்டியோட விளக்கைப் பார்த்த மாதிரி இருக்கு.

அக்கா: அதேதான்! வட்டம் ஒவ்வொண்ணும் ஒரு செல். ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு. சிவப்பா இருக்கே, அது அந்த செல் விழுங்கின கொழுப்பு உருண்டைங்க. சாயம் நான் பூசினது.

தம்பி: அழகாத்தான் இருக்கு. ஆனா லேப் தராசைச் சரிபார்க்கணும், எடை இன்ஸ்பெக்டரே வரணும்னுதானே கூப்பிட்டே? எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறி வந்திருக்கேன். உங்க லிஃப்ட் தூங்குது.

அக்கா: நாலு மாடி ஏறினியா? மூச்சு வாங்குச்சா?

தம்பி: மூச்சு வாங்காம, பின்ன பென்ஷனா வாங்கும்?

அக்கா: விளையாடாதே. நெஞ்சுல ஏதாவது... அப்பாவும் மாடிப்படியிலதான்...

தம்பி: அக்கா. நல்லாத்தான் இருக்கேன். பாரு, பொட்டலம்கூடப் பிரிச்சுட்டேன். வறுத்த கடலை. வேணுமா?

அக்கா: கொடு இங்கே! லேப்ல சாப்பிடக் கூடாது. நீ எங்கேயுமே சாப்பிடக் கூடாது.

தம்பி: ஒரு மாசமா வேகவச்ச காயும் ஓட்ஸும். ஆடு மாடெல்லாம் என்னைச் சொந்தக்காரனாப் பார்க்குது. கேட்டா, ஆபீஸ் செக்கப்புல கொலஸ்ட்ரால் முந்நூத்து நாப்பதாம்.

அக்கா: முந்நூத்து நாப்பத்திரெண்டு.

தம்பி: அந்த ரெண்டை மட்டும் விட்டுடாதே. சரி, இந்த செல்லுங்க எதுக்கு அதை விழுங்குது?

அக்கா: பசி. மூணு நாள் பட்டினி போட்டிருந்தேன்.

தம்பி: அடிப்பாவி. வீட்டுலயும் அதே வேலை, இங்கேயும் அதே வேலையா?

அக்கா: கேளு. தண்ணியில எண்ணெய் கலக்குமா?

தம்பி: ஆரம்பிச்சுட்டே. கலக்காது டீச்சர்.

அக்கா: ரத்தம் தண்ணி மாதிரி. கொலஸ்ட்ரால் எண்ணெய் மாதிரி. அப்படியே கொட்டினா எங்கேயாவது திட்டுத் திட்டா ஒதுங்கிடும். அதனால கல்லீரல் அதை உருண்டையாப் பிடிச்சு அனுப்புது. கிளம்பும்போது பெரிய உருண்டை. வழியில தசைக்குக் கொஞ்சம், அங்கே இங்கே கொஞ்சம்னு கொழுப்பை இறக்கிக்கிட்டே போகும். கடைசியில சுருங்கி, கொலஸ்ட்ராலா மிஞ்சி நிக்கிற உருண்டைதான் இது. உள்ளே ஆயிரத்தைந்நூறு கொலஸ்ட்ரால் மூலக்கூறு. வெளியில தண்ணியோட ஒத்துப்போற மேலுறை. அதைச் சுத்தி நீளமா ஒரு புரதம், பார்சலுக்கு நூல் கட்டின மாதிரி.

தம்பி: இதுதான் டிவியில சொல்ற கெட்ட கொழுப்பா?

அக்கா: கொழுப்புல என்னடா நல்லது கெட்டது? அது இல்லைன்னா செல்லுக்குச் சுவரே கிடையாது. வண்டி தெருவுல நின்னுட்டாத்தான் தொல்லை.

தம்பி: உனக்குக்கூடக் கொழுப்பு ஜாஸ்திதான். எந்த வண்டியில வந்துச்சோ.

அக்கா: அடி வாங்குவே. இப்ப செல்லுக்கு வருவோம். அதோட மேல்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கைங்க நீட்டிக்கிட்டு நிக்கும். உருண்டை பக்கத்துல வந்ததும், அந்தப் புரத நூலை மட்டும் அடையாளம் பார்த்து ஒரு கை கப்புன்னு பிடிக்கும். பிடிச்ச இடம் குழியும். குழி உள்ளே மடியும். மடிஞ்சு, பை மாதிரிக் கிள்ளிக்கிட்டு உள்ளே போயிடும்.

தம்பி: கையும் சேர்ந்தா?

அக்கா: கையும் சேர்ந்துதான்! இதைக் கேட்டியே, அதுக்கே உனக்கு ஒரு கடலை தரலாம். உள்ளே போனதும் அந்தப் பை புளிச்சுப் போகும். புளிப்பு பட்டதும் கை பிடியை விட்டுடும்.

தம்பி: எலுமிச்சங்காயைக் கடிச்ச குழந்தை மாதிரி.

அக்கா: கிட்டத்தட்ட. உருண்டை இன்னொரு பைக்குப் போய் அரைபடும். கொலஸ்ட்ரால் வெளியில வரும். கை திரும்ப மேலே வந்து அடுத்த உருண்டைக்கு நிக்கும். போய்வரப் பத்து நிமிஷம். ஒரு நாள்கூட நிறையாத ஆயுசு அதுக்கு. அதுக்குள்ள நூறு தடவைக்கு மேல போய்வந்துடும்.

தம்பி: எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு கைகூடக் கிடையாது. டீ கிளாஸைப் பிடிச்சா விடுறதே இல்லை.

அக்கா: உள்ளே போதுமான கொலஸ்ட்ரால் சேர்ந்துட்டா, செல் புதுசாக் கை செய்யறதை நிறுத்திடும். குறைஞ்சா மறுபடி செய்யும். அதுக்குத்தான் பட்டினி. பசிச்சாத்தான் எல்லாக் கையையும் நீட்டும். அப்பத்தான் யாருக்கு எத்தனை கைன்னு எண்ண முடியும்.

தம்பி: யாரோட கை இதெல்லாம்? இந்தச் சிவப்பு விளக்கு ஊர்வலம்?

அக்கா: வாசல்ல உட்கார்ந்திருக்காரே, செக்யூரிட்டி அண்ணன்.

தம்பி: அவரா! அவர் வயித்தைத் தாண்டி கேட்டைத் திறக்கவே ரெண்டு நிமிஷம் ஆகுதே! அவருக்கா இத்தனை கை?

அக்கா: வயித்துக்கும் கைக்கும் சம்பந்தமில்லை. கை அப்பா அம்மா கொடுக்கிறது.

தம்பி: அதுவும் சரிதான். அவர் எப்படி ஊசிக்குச் சம்மதிச்சார்?

அக்கா: கேட்டதும் சட்டையை மடிச்சுட்டார். உன்னை மாதிரியா? போன மாசம் ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்க மூடிக்கிட்டே.

தம்பி: மூடலை. வேற பக்கம் பார்த்தேன். மூடினதா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கே.

அக்கா: சரி, மூடலை. நகரு. அடுத்த சிலைடை வைக்கிறேன்... இப்பப் பாரு. இது ரெண்டாவது.

தம்பி: ம்... விளக்கெல்லாம் கம்மியா இருக்கே. பாதித் தெருவுல கரண்ட் போன மாதிரி.

அக்கா: நூறு செல் எண்ணினேன். செக்யூரிட்டி அண்ணனுக்கு செல்லுக்குப் பதினெட்டு புள்ளி. இதுல ஒன்பது.

தம்பி: சரியாப் பாதி.

அக்கா: ம்.

தம்பி: யாரோடது?

அக்கா: இரு, திருகை இன்னும் கொஞ்சம் சரி பண்றேன்.

தம்பி: என்னக்கா, திடீர்னு டீச்சர் லீவு போட்டுட்டாங்க?

அக்கா: உன்னோடதுடா.

தம்பி: ஓ.

அக்கா: போன மாசம் எடுத்த ரத்தத்துல மிச்சத்தை உறைய வச்சிருந்தேன். அதை எடுத்து மறுபடி பண்ணினேன்.

தம்பி: ஆனா போன மாசம் வேற சொன்னியே. “உன் செல்லெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தாச்சு, நல்லா இருக்கு, நாக்கைத்தான் அடக்கணும்”னு வீட்டுக்கே வந்து நடனம் ஆடாத குறையாச் சொன்னே.

அக்கா: தப்பாச் சொல்லிட்டேன்.

தம்பி: நீயா? தப்பா? இரு, தேதியை எழுதி வச்சுக்கிறேன்.

அக்கா: தம்பி, சிரிக்காதே. பத்து நாளாத் தூக்கமில்லை எனக்கு. அப்ப நான் பண்ணின டெஸ்ட் முறையானது இல்லை. எங்க லேப் ஹெட் மேடத்துக்குத் தெரியாம, சாப்பாட்டு நேரத்துல பண்ணினது. இந்த டெஸ்ட்டுல ஒருத்தரோடதை மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது. சாயம் ஒரு நாள் நல்லாப் பிடிக்கும், ஒரு நாள் மங்கும். அதனால நல்லா இருக்கிற ஒருத்தரோட ரத்தத்தையும் பக்கத்துல வச்சு, ரெண்டையும் ஒப்பிடணும். நானும் ஒருத்தரோடதை வச்சேன். ரெண்டும் ஒண்ணுபோல இருந்துச்சு. அப்பாடான்னு உன்கிட்ட ஓடி வந்துட்டேன்.

தம்பி: ஆனா அந்த ஒருத்தரே...

அக்கா: அந்த ஒருத்தருக்கே பாதிக் கைதான். அதைக் கவனிக்கலை நான்.

தம்பி: எப்பத் தெரிஞ்சுது?

அக்கா: நீ ஒரு கதை சொன்னியே, அம்மா வீட்டுல சாப்பிடும்போது. கடைக்காரர் கதை.

தம்பி: ஓ, அந்த மளிகைக்கடைக்காரரா! தராசு சரியில்லைன்னு புகார், போய் நிக்கிறேன். மனுஷன் பெருமையாப் பெட்டியைத் திறந்து ரெண்டு ஒரு கிலோ கல்லை எடுத்து தட்டுக்கு ஒண்ணா வைக்கிறார். “பாருங்க சார், முள்ளு நட்ட நடுவுல நிக்குது, எங்க கல்லு சுத்தம்.” ஐயா, ரெண்டும் ஒரே பெட்டி, ஒரே அச்சுல வார்த்தது. குறைஞ்சா ரெண்டும் சேர்ந்துதான் குறையும், முள்ளு நடுவுலதான் நிக்கும்னு சொல்லி, என் கல்லை வச்சேன். நாப்பது கிராம் குறைச்சல். அவர் முகத்தைப் பார்க்கணுமே.

அக்கா: நீ சொல்லி எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சோறு இறங்கலை.

தம்பி: கவனிச்சேன். அப்பளத்தைக்கூட விட்டுட்டே. நான்தான் எடுத்துக்கிட்டேன்.

அக்கா: மறுநாளே மேடம்கிட்டப் போய் எல்லாத்தையும் சொன்னேன். நல்லாத் திட்டினாங்க. அப்புறம் அவங்களே, “சொந்தமில்லாத மூணு பேர் ரத்தத்தை எடு, முறையாப் பண்ணு”ன்னாங்க. செக்யூரிட்டி அண்ணன், டைப் அடிக்கிற பொண்ணு, மேடம். மூணு பேருக்கும் பதினேழு பதினெட்டு.

தம்பி: ‘சொந்தமில்லாத’ மூணு பேரா?

அக்கா: அது... சும்மா, ஒரு பேச்சுக்கு.

தம்பி: ம்.

அக்கா: அதை விடு. சாக்ஸைக் கழட்டு.

தம்பி: எதுக்கு?

அக்கா: கழட்டுடான்னா. குதிகாலுக்கு மேல பின்பக்கம் தடியா ஒரு நார் ஓடுமே, அதைப் பார்க்கணும். உருண்டைங்களைப் பிடிக்கக் கை கம்மின்னா அதுங்க ரத்தத்துலயே நாள்கணக்காச் சுத்தும். சுத்திச் சுத்தி ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒண்டும். சில பேருக்கு இந்த நார்லயும் படியும்... இதோ. பாரு, தடிச்சிருக்கு.

தம்பி: ஆ! எல்லாரும் ஏன் அங்கேயே அமுக்குறீங்க?

அக்கா: எல்லாரும்னா? வேற யார் அமுக்கினாங்க?

தம்பி: செருப்புக் கடைக்காரர்.

அக்கா: செருப்புக் கடைக்காரர் பின்னாடி எதுக்கு அமுக்குறார்?

தம்பி: ரொம்பப் பொறுப்பான மனுஷன். சரி, உன் குதிகாலைக் காட்டு, எப்படி இருந்தா நல்லதுன்னு ஒப்பிட்டுப் பார்த்துக்கிறேன்.

அக்கா: என்... என் ஷூ கழட்டக் கஷ்டம். லேஸ் முடிச்சு விழுந்திருக்கு.

தம்பி: ம். முடிச்சு.

அக்கா: பேச்சை மாத்தாதே. கேளு. இந்தக் கையைச் செய்யற முறை நம்மகிட்ட ரெண்டு பிரதி இருக்கு. அப்பா கொடுத்தது ஒண்ணு, அம்மா கொடுத்தது ஒண்ணு. அப்பாகிட்ட ஒரு நல்ல பிரதி, ஒரு கோணல் பிரதி இருந்திருக்கும். உனக்குக் கோணல் வந்திருக்கு. நாப்பத்திரெண்டு வயசுல எதுக்குப் போனார்னு தெரியாம இத்தனை வருஷம் அவரோட சிகரெட்டைத் திட்டிக்கிட்டு இருந்தோம்.

தம்பி: அம்மா இன்னும் திட்டுறாங்க.

அக்கா: உனக்கு முப்பத்தொன்பது ஆச்சு. அதான்டா பயமா இருக்கு. ஆனா பயப்படாதே.

தம்பி: நான் பயப்படலையே. நீதான் என் சாக்ஸைப் போட்டு முறுக்குறே.

அக்கா: இதுக்கு மாத்திரை இருக்கு. எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா உனக்கே பிடிக்கும். கல்லீரல் செல்லு தானும் வீட்டுக்குள்ள கொலஸ்ட்ரால் சமைக்கும். மாத்திரை போய் அந்த அடுப்பைத் தணிச்சுடும். உள்ளே பஞ்சம் வந்ததும் செல்லு என்ன பண்ணும்?

தம்பி: பசியில கையை நீட்டும்.

அக்கா: நீட்டும்! அம்மா கொடுத்த நல்ல பிரதி மும்முரமா வேலை செஞ்சு புதுப்புதுக் கையா வெளியில அனுப்பும். ரத்தத்துல திரியற உருண்டைங்களைப் பிடிச்சு உள்ளே இழுத்துக்கும். மாத்திரை கொழுப்பைக் கரைக்குதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்லைடா. பசிக்க வைக்குது, அவ்வளவுதான். சாப்பாட்டைக் குறைச்சா மட்டும் உனக்குப் போதாது, நான் உன்னை வீணாப் பட்டினி போட்டுட்டேன்.

தம்பி: இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. சமையலறைச் சுவர்ல மாட்டணும்.

அக்கா: மாட்டிக்கோ. ஆனா டாக்டர்கிட்டப் போறதாச் சத்தியம் பண்ணு. ஒரு நாளும் விடாம மாத்திரை போடுறதாச் சொல்லு. வாழ்நாள் முழுக்க.

தம்பி: போடுறேன்.

அக்கா: என்னடா, உடனே ஒத்துக்கிட்டே? ரெண்டு மணி நேரம் நீ வாதாடுவேன்னு மேடம்கிட்டப் பெர்மிஷன் சொல்லி வச்சிருக்கேன்.

தம்பி: நீ நல்லாச் சொல்லிக் கொடுத்தே. சரி, அந்த மூணாவது சிலைடு எதுக்கு ஓரமாக் கிடக்கு?

அக்கா: அது ஒண்ணுமில்லை.

தம்பி: லேபிளை உன் பக்கம் திருப்பி வச்சிருக்கே.

அக்கா: போன மாசம் ஒப்பிட வச்சேன்ல, அந்த ஆளோடது. அதையும் மறுபடி எண்ணினேன்.

தம்பி: எத்தனை?

அக்கா: எட்டு.

தம்பி: என்னைவிடக் கம்மியா!

அக்கா: ஒண்ணு கூடக் குறைய வரும். ரெண்டும் ஒண்ணுதான்.

தம்பி: பாவம். அவருக்குச் சொல்லிட்டியா?

அக்கா: தெரியும்... தெரியவரும்.

தம்பி: வயசானவரா?

அக்கா: உன்னைவிட ரெண்டு வயசு மூப்பு.

தம்பி: நாப்பத்தொண்ணு. அப்ப அவருக்குத்தான் என்னைவிட அவசரம். ரத்தத்துல அளவு பார்த்தாரா?

அக்கா: பார்த்ததே இல்லை. ஒல்லியான உடம்பு, தினமும் நடப்பு. நமக்கென்னன்னு இருந்துட்டாங்க.

தம்பி: வயித்துக்கும் கைக்கும் சம்பந்தமில்லைன்னு யாரும் அவங்களுக்குச் சொல்லலையா?

அக்கா: மத்தவங்களுக்குச் சொல்றது சுலபம்டா.

தம்பி: டாக்டர்கிட்ட எப்பப் போவாங்களாம்?

அக்கா: போவாங்க. முதல்ல வேற ஒருத்தர் விஷயம் முடியட்டும்னு இருக்காங்க. ஒரே நாள்ல ரெண்டு பேர்னா... வீட்டுல அம்மா தாங்குவாங்களா? அவங்க வீட்டு அம்மாவைச் சொல்றேன்.

தம்பி: ம். அவங்க வீட்டு அம்மா.

அக்கா: ஏன் அப்படிப் பார்க்கிறே? தராசைப் பாரு போ. அந்த மூலையில இருக்கு. பெட்டியை எதுக்குத் திறக்கலை இன்னும்? கையுறை போட்டுக்கோ, விரல் எண்ணெய் பட்டாக்கூடக் கல்லு கனக்கும்னு நீதானே சொல்லுவே.

தம்பி: பெட்டியில கல்லு இல்லைக்கா. தராசு நல்லாத்தான் இருக்கும்னு தெரியும். போன வருஷம்தான் முத்திரை போட்டேன்.

அக்கா: அப்ப நாலு மாடி எதுக்குடா வெறும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தே?

தம்பி: நீ பொய் சொல்லிக் கூப்பிட்டே, நானும் பொய்யைத் தூக்கிக்கிட்டு வந்தேன். திறந்து பாரு, என் மாத்திரை அட்டை இருக்கு. ரெண்டு வாரமாப் போடுறேன். ஓட்ஸ் தின்னும் அளவு இறங்கலைன்னு டாக்டர்கிட்டப் போனேன். அவர்தான் குதிகாலை அமுக்கிப் பார்த்துட்டு, கூடப்பிறந்தவங்க இருந்தா கூட்டிக்கிட்டு வாங்கன்னார். அந்த மளிகைக்கடைக்காரர் கதைகூட உனக்காகத்தான் சொன்னேன், அப்படி ஒரு கடையே கிடையாது. நாலு மணிக்கு உன் பேர்ல டோக்கன் வாங்கியிருக்கேன், அம்மாவும் அங்கே நேரா வந்துடுவாங்க, அவங்க தாங்குவாங்க. ஒப்பிட வச்ச ஆள் நீதான்னு எப்படித் தெரியும்னு கேட்காதே. எனக்கு ஊசி போட்ட அன்னைக்கு நான் கண்ணை மூடலை, வேற பக்கம்தான் பார்த்தேன்னு சொன்னேன்ல? உன் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அதுலயும், ஊசி குத்தின இடத்துல, பஞ்சு ஒட்டியிருந்துச்சுக்கா.